ஆக்கிரமிப்பின் கீழ் ஒரு நாடு: முதலில் காவலா, தன்னாட்சியா?

பாலாற்றங்கரை எழுதியது:

இந்த மாதம் எங்கள் காட்பாடி வாசகர் வட்டத்தில் 2003, 2004 ஈராக்கைப் பற்றிப் பேசினோம். முடியவில்லை. வாட்ச்மேன் சாவியோடு வந்து நின்றதால் எழுந்தோம். வெளியே டீக்கடையிலும் அதே சண்டைதான். மீதியை இங்கே வைக்கிறேன்.

போர் முடிந்து ஒரு நாட்டை அந்நியப் படை பிடித்து வைத்திருக்கிறது. தெருவெல்லாம் கொள்ளை, அரசு என்று ஒன்று இல்லை. இந்த நிலையில் முதலில் ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஆட்சியைக் கொடுப்பதா? இல்லை, ஆட்சியைக் கையில் கொடுத்துவிட்டு ஒழுங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதா? வட்டத்தில் ஆளுக்கொரு கட்சி.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2003 ஏப்ரல் 9 அன்று அமெரிக்கப் படையிடம் பாக்தாத் விழுந்தது. அடுத்த சில நாட்களில் அமைச்சகங்கள், மருத்துவமனைகள், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றதை ஊரே பார்த்தது. மே 12 அன்று அமெரிக்கா நியமித்த நிர்வாகியாகப் பால் பிரெமர் வந்து இறங்கினார். மே 16 அன்று அவர் போட்ட முதல் ஆணைப்படி, சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல் நான்கு படிகளில் இருந்த யாருக்கும் அரசு வேலை கிடையாது. மே 23 அன்று இரண்டாவது ஆணை வந்து ராணுவத்தைக் கலைத்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஒரே கையெழுத்தில் வீட்டுக்குப் போனார்கள்.

எது முதலில் என்று நாம் அடித்துக்கொள்கிறோம். யாரை வைத்துச் செய்வது என்பது அந்த இரண்டு வாரத்திலேயே முடிந்துபோன விஷயம் என்று எனக்குப் படுகிறது. காவலைத் திருப்பித் தர வேண்டிய ஆளும் போனான், ஆட்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆளும் போனான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கம்மவான்பேட்டை ஹவில்தார் எழுதியது:

தம்பி, எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்து வந்திருப்பார். அதனால் அந்த மே 23 ஆணையை நான் சம்பளப் பட்டுவாடா பக்கமிருந்துதான் பார்க்கிறேன்.

ஒரு சிப்பாய்க்கு மாதம் பிறந்தால் சம்பளம், வெளியே வந்தால் பென்ஷன். இரண்டும் நின்றுபோனது. ஆயுதக் கிடங்குகளோ காவலில்லாமல் திறந்து கிடந்தன. வேலை இல்லாத, அவமானப்பட்ட, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள் நாலு லட்சம். ஜூன் மாதம் பாக்தாதில் சம்பளம் கேட்டுத் திரண்ட பழைய ராணுவத்தினர் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டதில் 2 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாதாந்திர உதவித்தொகை தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. கடைசியில் கொடுத்தார்கள்தானே என்பார்கள். கொடுத்தார்கள், மானம் போன பிறகு.

வீட்டுக்குக் காவல் இருக்கிறேன் என்று வந்தவன், முதல் வேலையாக வீட்டு நாயை விரட்டிவிட்ட கதை.

லுங்கி நகரம் எழுதியது:

ஹவில்தார் அண்ணா, அந்த நாய் அங்கே இருந்தவர்களைக் கடித்த நாய். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

1988-இல் வடக்கே குர்து இனத்தவரின் கிராமங்களை அழித்து, ஹலப்ஜாவில் விஷவாயு வீசியது இந்த ராணுவம்தான். 1991-இல் தெற்கே ஷியாக்கள் கிளர்ந்தபோது நசுக்கியதும் இதே ஆட்சியின் படைதான். குர்துகளிடம் போய்ப் பழைய ராணுவத்தைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பாக்தாத் விழும் முன்பே பெரும்பாலான சிப்பாய்கள் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள், நாங்கள் கலைத்தது காகிதத்தில் இருந்த படையை என்று பிரெமர் தரப்பு சொன்னது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

எனக்கு அவர் மேல் பரிவு எல்லாம் கிடையாது. அந்நியன் பீரங்கியோடு வந்து நின்றுகொண்டு, உனக்கு எந்தப் படை வேண்டும், எந்தச் சட்டம் வேண்டும் என்று முடிவு செய்வதே அநியாயம். காவலா தன்னாட்சியா என்ற கேள்வியே அவன் போட்டுக் கொடுத்த வினாத்தாள். நாம் ஏன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்?

ஆம்பூர்க்காரன் எழுதியது:

படித்துக்கொண்டிருக்கிறேன். தொடரவும். வேலூர்க்காரர்கள் இன்னும் 1806 சிப்பாய்க் கலகத்தை இழுக்காதது ஆச்சரியம்.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

லுங்கி நகரம் தோழருக்கு: வினாத்தாள் அவன் போட்டதில்லை. 1907 ஹேக் விதிமுறைகளின் 43-ஆவது பிரிவு போட்டது. ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் படை, அங்கே பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் முடிந்தவரை மீட்டுத் தர வேண்டும், தவிர்க்கவே முடியாத நிலை இருந்தாலொழிய அந்த நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகிறது. பிடித்தவன் ஒரு காவல்காரன், சொத்தின் உரிமையாளன் கிடையாது.

2003 மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1483-ஆம் தீர்மானத்தில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்றே குறிப்பிட்டது. அதாவது இந்தக் கடமைகள் உங்கள் தலையில் என்று. மறுநாளே ராணுவம் கலைப்பு. பிறகு அந்நிய முதலீட்டுச் சட்டம், வரிச் சட்டம் என்று ஆணைக்கு மேல் ஆணை. வாடகைக்கு இருப்பவன் சுவரை இடித்துப் புது அறை கட்டினால் நாங்கள் நோட்டீஸ் அனுப்புவோம். இங்கே யாருக்கு அனுப்புவது?

ஆற்காட்டு வாத்தியார் எழுதியது:

ஆம்பூர்த் தம்பி கேட்டுவிட்டதால் 1806-ஐ ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: தலைப்பாகையை மாற்று, தாடியை மழி, நெற்றிக்குறி வேண்டாம் என்று ஊர் தெரியாதவன் ஆணை போட்டான், ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் ரத்தம் ஓடியது, பிறகு ஆணையை வாங்கிக்கொண்டார்கள், கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். போதும்.

இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமானது அதற்கு முன்னும் பின்னும் நம் மாவட்டத்தில் நடந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

1801 ஜூலை 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு நவாபோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, கர்நாடகப் பகுதியின் ராணுவ, சிவில் நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. நவாபுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அதுவரை ஊர்க்காவல் பாளையக்காரர், காவல்காரர், தலையாரி என்று அடுக்கடுக்காக இருந்தது. அதில் அநியாயமும் இருந்தது, காவல் வரி என்று கொள்ளையடித்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு மாடு காணாமல் போனால் யார் வீட்டில் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். கம்பெனி பாளையக்காரர்களின் காவல் அதிகாரத்தைப் பறித்தது, தெற்கே கோட்டைகளை இடித்தது, ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. அவர்கள் இடத்தில் 1802-இல் வங்காளத்துப் பாணியில் தாரோகா என்ற சம்பளப் போலீஸை வைத்தது. ஊருக்கு அந்நியன், மாஜிஸ்திரேட்டுக்கு மட்டும் பதில் சொல்பவன். திருட்டு குறையவில்லை, லஞ்சம் ஏறியது. கடைசியில் தாமஸ் மன்றோ தலைமையில் ஒரு கமிஷன் வைத்து, 1816-இல் 11-ஆவது ரெகுலேஷன் மூலம் தாரோகாவை ஒழித்து, கிராம மணியக்காரரிடமும் தலையாரியிடமும் காவலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊரை அடக்க வந்த கம்பெனிக்கே ஊராள் இல்லாமல் ஊர்க்காவல் நடக்காது என்று புரிய 14 வருஷம் ஆனது. பிரெமருக்கு மொத்தமாக இருந்ததே 14 மாதம்.

லுங்கி நகரம் எழுதியது:

சார், அதே கதையை என் பக்கம் திருப்புகிறேன். 1816-க்குப் பிறகு வட ஆற்காட்டில் ஒழுங்கு வந்ததா? வந்தது. தன்னாட்சி வந்ததா? நூற்று முப்பது வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. முதலில் காவல், பிறகு ஆட்சி என்று சொல்பவர்களுக்கு நம் ஊர் வரலாறே பதில். காவல் நன்றாக வந்துவிட்டால், ஆட்சியை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று பிடித்தவனுக்குத் தோன்றும். மணியக்காரரும் தலையாரியும் கம்பெனிக்கு வரி வசூலிக்கத்தான் உதவினார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1945-இல் தோற்ற ஜப்பானைப் பாருங்கள்.

அங்கேயும் ராணுவத்தைக் கலைத்தார்கள், லட்சக்கணக்கில். ஆனால் கலைக்கும் வேலையை ஜப்பானிய அரசே செய்தது. ராணுவ, கடற்படை அமைச்சகங்களே படைக்கலைப்பு அமைச்சகங்களாகப் பெயர் மாறி, ஆட்களைக் கப்பலில் திருப்பிக் கொண்டுவந்து, கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பின. அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் மேலே உட்கார்ந்திருந்தார், கீழே அலுவலகம் அலுவலகமாகவே இருந்தது. சுமார் 2 லட்சம் பேரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கினார்கள், அவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தினர். 1946 ஏப்ரலில், அதாவது சரணடைந்து எட்டே மாதத்தில், பெண்களும் வாக்களித்த பொதுத்தேர்தல். 39 பெண்கள் ஜெயித்தார்கள். ஆக்கிரமிப்பு முடிந்தது 1952 ஏப்ரல் 28 அன்றுதான். ஆறு வருஷம் தேர்தலும் அந்நியப் படையும் ஒன்றாகவே இருந்தன.

ஹவில்தார் அண்ணாவுக்கு ஒரு கொசுறு: ஜப்பானைப் பிடித்து வைத்திருந்த காமன்வெல்த் படையில் இந்திய பிரிகேடு ஒன்றும் இருந்தது. 1947-இல் திரும்பி வந்தார்கள்.

ஆற்காட்டு வாத்தியார் எழுதியது:

ஜப்பானை அப்படியே ஈராக் மேல் போர்த்தக் கூடாது. அங்கே சக்கரவர்த்தி வானொலியில் சரண் என்று சொன்னார், சொன்னதை ஊர் கேட்டது. ஈராக்கில் சரணடைய ஒருவருமே வரவில்லை. சதாமே டிசம்பரில்தான் பிடிபட்டார்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆஸ்திரியா. 1945 ஏப்ரலிலேயே, போர் முடிவதற்குள், சோவியத் படையின் ஒப்புதலோடு கார்ல் ரென்னர் தலைமையில் ஓர் இடைக்கால அரசு. இது ஸ்டாலினின் பொம்மை என்று மேற்கத்தியர்கள் சில மாதம் அங்கீகரிக்கவில்லை. நவம்பரில் நாடு முழுவதும் தேர்தல் நடந்தது, கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 4 இடம்! நாலு வல்லரசுகளின் படைகள் 1955 வரை அங்கேதான் இருந்தன. ஆனால் வியன்னாவில் ஓர் அரசு இருந்தது, நாலு பேரிடமும் பேச ஒரே வாய் இருந்தது. நாடு ஜெர்மனி மாதிரி இரண்டாகவில்லை.

ஜெர்மனியிலும் அமெரிக்கப் பகுதியில் 1946 ஜனவரியிலேயே சின்ன ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் வைத்தார்கள். ஊர், வட்டம், மாநிலம் என்று ஏறி, 1949-இல்தான் கூட்டாட்சி நாடாளுமன்றம். ஈராக்கில் இதற்கு நேர்மாறு. 2003 ஜூனில் நஜாபில் ஊர்க்காரர்கள் தேர்தலுக்குத் தயாராக இருந்தும் பிரெமர் ரத்து செய்தார். தப்பான ஆட்கள் ஜெயித்துவிடுவார்கள் என்ற பயம். ஆனால் ஜூலையில் பாக்தாதில் 25 பேர் ஆளும் குழு நியமனம்: 13 ஷியா, 5 சுன்னி அரபு, 5 குர்து, 1 துருக்மேன், 1 கிறித்தவர். அதுவரை அரசாங்கத்தில் இப்படி எண்ணிப் பங்கு பிரித்ததில்லை. பிறகு அதுவே வழக்கமானது.

தோல்மண்டி எழுதியது:

வாணியம்பாடியிலிருந்து. அந்த வருஷம் நான் குவைத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வடக்கே போகும் கான்வாய்க்குச் சரக்கு ஏற்றுவது எங்கள் வேலை. சோறு சமைக்க, துணி துவைக்க, லாரி ஓட்ட என்று நம்மவர்கள், நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லையைத் தாண்டிப் போவார்கள். சிலருக்கு ஈராக் போகிறோம் என்பதே எல்லையில்தான் தெரியும், ஏஜென்ட் குவைத் வேலை என்றே சொல்லியிருப்பான். 2004 ஜூலையில் இந்திய லாரி டிரைவர்கள் 3 பேரைக் கடத்தினார்கள். செப்டம்பர் முதல் தேதி விட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் அறையில் யாரும் டிவியை அணைக்கவில்லை.

என் கேள்வி வேறு. அந்த நாட்டில் வேலை இல்லாமல் லட்சக்கணக்கில் ஆள் இருக்க, பாத்திரம் கழுவக்கூட ஏன் கடல் தாண்டி ஆள் எடுத்தார்கள்? உள்ளூர்க்காரனை முகாமுக்குள் விடப் பயம். பயத்தால் வேலை தரவில்லை. வேலை தராததால் பயப்பட வேண்டிய ஆள் பெருகினான். ஹவில்தார் பாய் சொன்ன சம்பளப் பிரச்சினை பட்டாளத்தோடு நிற்கவில்லை.

கம்மவான்பேட்டை ஹவில்தார் எழுதியது:

பாய் சொன்னது சரியான இடம். இன்னொன்று. அந்த வருஷம் அமெரிக்கா நம்மிடமும் ஆள் கேட்டது, ஒரு டிவிஷன், 17,000 பேர் அளவில். வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14 அன்று, ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று முடிவெடுத்தது. எங்கள் ஊரில் பலர் பெருமூச்சு விட்டார்கள். லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்களைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறதே, அந்தப் போரில் இந்தியச் சிப்பாய்கள் அதிகம் செத்த இடங்களில் மெசபடோமியாவும் ஒன்று. 1920-இல் ஈராக்கியர்கள் பிரிட்டிஷ்காரனை எதிர்த்து எழுந்தபோது அதை அடக்கிய படையிலும் பெரும்பகுதி இந்தியர்கள். மறுபடியும் அதே ஊரா என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தவன், 1987-இலிருந்து 89 வரை. இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போனோம். ஜூலை 29 ஒப்பந்தம், அக்டோபர் 10 புலிகளோடு சண்டை. ஆயிரத்து நூறுக்கு மேல் நம்மவர்கள் திரும்பவில்லை. செக்போஸ்டில் நின்றால் நான் பேசுவது தமிழ், எதிரே நிற்பவர் பேசுவதும் தமிழ். ஆனாலும் அவர் கண்ணில் நான் ஆமிக்காரன். பகலில் ரோடு எங்களுடையது, ராத்திரி அவர்களுடையது. அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

முகாம் வீட்டுப் பெண் எழுதியது:

ஐயா, நான் மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் இருந்து எழுதுகிறேன். உங்களோடு சண்டை போட வரவில்லை. ஒப்பந்தப்படி போனோம் என்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தி கையெழுத்துப் போட்டார், ஜெயவர்த்தனா கையெழுத்துப் போட்டார். எங்களைக் கேட்டு யாரும் போடவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் 1987 அக்டோபரில் டாக்டர்களும் நோயாளிகளும் சுடப்பட்டதையும் இந்த இடத்தில் எழுதாமல் போக என்னால் முடியாது.

ஈராக் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்நியப் படை நிற்க, தேர்தல் வைத்து, தன்னாட்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் தெரியும். நாங்கள் திருகோணமலை. 1988 நவம்பர் 19 அன்று வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல். வடக்கில் போட்டியே இல்லை, எல்லா இடமும் முன்கூட்டியே முடிந்தது. கிழக்கில் வாக்குப் போட்டார்கள், அம்மாவும் போட்டார். வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். சபை எங்கள் ஊரிலேயே கூடியது. அம்மாவுக்கு அது பெருமையாகத்தான் இருந்ததாம்.

ஆனால் சபையிடம் என்ன இருந்தது? இலங்கை அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தத்தில் போலீஸ் அதிகாரம் எழுதப்பட்டிருந்தது, கொழும்பு அதைக் கொடுக்கவே இல்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. காசும் கொழும்பிலிருந்து வர வேண்டும். போலீஸ் கிடைக்காததால் தமிழ்த் தேசிய ராணுவம் என்று ஒன்றை இந்தியப் படையின் ஆதரவோடு கட்டினார்கள். அதற்கு ஆள் சேர்த்த விதம் எங்கள் சனத்துக்கு மறக்காது. தெருவில் போன பெடியளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்தப்பாவை மாதக்கணக்கில் உறவினர் வீட்டு அறைக்குள் வைத்திருந்தார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் போவதற்கு முன்பே முதலமைச்சரும் போய்விட்டார். அந்தப் பெடியள் அப்படியே விடப்பட்டார்கள். புலிகள் அவர்களை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

அம்மாவின் ஒரே வாக்கு அதுதான். அந்த வருஷமே வீட்டார் கப்பலேறி வந்துவிட்டார்கள். நான் இங்கே பிறந்தேன், எனக்கு எங்கேயும் வாக்கு இல்லை.

கம்மவான்பேட்டை ஹவில்தார் எழுதியது:

அம்மா, ஆஸ்பத்திரியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் எழுத மாட்டேன். எழுதியது சரிதான்.

அந்தப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் எப்படி வைப்பது என்று தெரியாதவர்கள். கேம்ப் வாசலில் வந்து நின்று அழுத தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் அதிகாரிகளுக்கும் தெரியும், நாங்கள் போனதும் இது ஒரு வாரம் தாங்காது என்று.

நிர்வாகி எழுதியது:

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். இழை நன்றாகப் போகிறது. இங்குள்ள கட்சி அரசியலைக் கொண்டுவராமல் தொடருங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்த பிறகு மொசூல் ஞாபகம் வந்தது. வாசகர் வட்டத்தில் நான் சொல்ல நினைத்து நேரமில்லாமல் விட்டது.

வட ஈராக்கில் உள்ள மொசூலில் அமெரிக்க ஜெனரல் பெட்ரேயஸ் தலைமையிலான 101-ஆவது டிவிஷன் இருந்தது. பிரெமர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, 2003 மே 5 அன்று, அரபு, குர்து, கிறித்தவர், துருக்மேன், யாசிதி எல்லாத் தரப்புப் பிரதிநிதிகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு சபையைத் தேர்ந்தெடுக்க வைத்தார். போலீஸை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள், சிரியா எல்லையைத் திறந்து வியாபாரம் நடத்தினார்கள். முதல் ஆறேழு மாதம் மற்ற ஊர்களைவிட அங்கே நிலைமை பரவாயில்லை. நம் இழையில் பலரும் கேட்பது இதைத்தானே? ஊராள், ஊர்ச்சபை, ஊர்ப் போலீஸ்.

2004 தொடக்கத்தில் அந்த டிவிஷன் ஊருக்குப் போனது. அதில் பாதிகூட இல்லாத ஒரு படை வந்தது. நவம்பரில் கிளர்ச்சியாளர்கள் காவல் நிலையங்களைத் தாக்கியபோது மொசூல் போலீஸில் பெரும்பாலோர் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள். சபை இருந்தது, தேர்வு இருந்தது, சம்பளமும் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் நான் திணறுகிறேன்.

ஆற்காட்டு வாத்தியார் எழுதியது:

திணற வேண்டாம். ஊர்ச்சபைக்குப் பின்னால் பாக்தாதில் ஓர் அரசு இல்லை, அவ்வளவுதான். ஒரு கான்ஸ்டபிள் உயிரைக் கொடுத்து நிற்க வேண்டுமானால், நாளைக்கும் இந்த அரசு இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும், செத்தால் வீட்டுக்குப் பென்ஷன் வரும் என்ற நம்பிக்கையும். டிவிஷன் கமாண்டர் கொடுத்த அதிகாரம் டிவிஷனோடு கப்பலேறிவிடும். சகோதரி சொன்ன திருகோணமலையும் அதுதான்.

ஷியா மதகுரு சிஸ்தானியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நஜாபில் ஒரு சந்து வீட்டில் உட்கார்ந்திருந்த முதியவர். 2003 ஜூனில் ஒரே பத்வா: அரசியல் சட்டம் எழுதுபவர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆக்கிரமிப்பாளன் நியமிக்கக் கூடாது. அவரிடம் ஒரு பட்டாலியன்கூட இல்லை. அந்த ஒரு காகிதம் பிரெமரின் மொத்தத் திட்டத்தையும் மாற்ற வைத்தது. நவம்பர் 15 அன்று புதுத் திட்டம், அதையும் அவர் ஏற்கவில்லை. ஜனவரியில் பாக்தாதில் லட்சம் பேர் ஊர்வலம். கடைசியில் 2005 ஜனவரி 30 அன்று தேர்தல் நடந்ததே அவரால்தான்.

லுங்கி நகரம் எழுதியது:

நடந்தது, எப்படி நடந்தது? நாடு முழுவதும் ஒரே தொகுதி என்று வைத்தார்கள். தொகுதி பிரிக்கக் குடிக்கணக்கு இல்லை, நேரமும் இல்லை என்று காரணம். சுன்னிகள் புறக்கணித்தார்கள், பயத்திலும் போகவில்லை. அன்பார் மாகாணத்தில் வாக்களித்தவர்கள் சுமார் 2 சதவீதம். மாகாணவாரித் தொகுதியாக இருந்திருந்தால், குறைந்த வாக்கிலும் அன்பாருக்கு அதன் பங்கு இடங்கள் கிடைத்திருக்கும். ஒரே தொகுதி என்பதால் வராதவன் பங்கு வந்தவனுக்குப் போனது. அந்தச் சபைதான் அரசியல் சட்டம் எழுதியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்தின் தங்கக் குவிமாடம் தகர்க்கப்பட்ட பிறகு தெருவுக்குத் தெரு ரத்தம். வாத்தியார் சார் சிஸ்தானியைக் கொண்டாடுவது எனக்கும் புரிகிறது. ஆனால் அவசரமாக வைத்த தேர்தலும் ஓர் ஆயுதம்தான்.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

ஆட்சி எப்போது கைமாறியது என்று கேட்டால் புத்தகங்கள் 2004 ஜூன் 28 என்று எழுதும். ஜூன் 30 என்று சொல்லியிருந்ததைத் தாக்குதல் பயத்தில் இரண்டு நாள் முன்னதாக, சின்ன அறையில், சில பேர் முன்னிலையில் முடித்துவிட்டு பிரெமர் விமானமேறினார்.

ஆனால் அதற்கு முந்தின நாள், ஜூன் 27 அன்று, அவர் 17-ஆவது ஆணையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்நியப் படையினரும் அவர்களுக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தாரும் ஈராக் சட்ட நடவடிக்கைக்கு உட்பட மாட்டார்கள். ஆட்சி கொடுத்தாயிற்று, கைது செய்யும் அதிகாரம் மட்டும் இல்லை. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டு 17 பேர் இறந்தபோது, ஈராக் போலீஸ் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. வழக்கு நடந்தது அமெரிக்காவில். 2009 ஜனவரி 1 அன்று புது ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஒப்பந்த நிறுவனத்தார் ஈராக் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டார்கள். என் தொழில்புத்திக்கு, கைமாறிய நாள் அதுதான். உன் ஊர் இன்ஸ்பெக்டர் யாரைக் கைது செய்யலாம் என்று பார்த்தால் உன் நாடு எவ்வளவு சுதந்திரமானது என்று தெரிந்துவிடும்.

தோல்மண்டி எழுதியது:

வக்கீல் சார், ஒப்பந்தத் தொழிலாளி என்றால் எங்கள் கேட்டரிங் ஆட்களும்தானே அந்த ஆணையில் வருவார்கள்? விலக்கு இருந்தது சரி. அவர்களுக்குச் சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டபோது புகார் கொடுக்க எந்த நீதிமன்றமும் இல்லை. ஒரே ஆணை அவர்களுக்கு இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

உண்மை பாய். அதை நான் யோசித்ததில்லை.

லுங்கி நகரம் எழுதியது:

ஹவில்தார் அண்ணாவுக்கு ஒரு கடைசிக் கேள்வி. சம்பளத்தை நிறுத்தியதால் கெட்டது என்று தொடங்கினீர்கள். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை முழுவதும் போனது. ஈராக்குக்குச் சொந்த ராணுவம், சொந்த அரசு, எண்ணெய்ப் பணம். 2014 ஜூனில் சில ஆயிரம் ஐ.எஸ். ஆட்கள் வந்ததும் அதே மொசூலில் அந்த ராணுவம் ஓடியது. அந்த நவம்பரில் புதுப் பிரதமர் அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: சம்பளப் பட்டியலில் 50,000 பேய் வீரர்கள். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை, பணம் அதிகாரிகளின் பைக்குப் போகிறது. சம்பளம் ஒழுங்காகத்தானே போய்க்கொண்டிருந்தது?

கம்மவான்பேட்டை ஹவில்தார் எழுதியது:

சம்பளம் போனது, ரோல் கால் நடக்கவில்லை. காலையில் ஃபாலின் நின்றால் பெயர் கூப்பிடுவார்கள், ஆள் குரல் கொடுக்க வேண்டும். அதை ஒரு ஹவில்தார் செய்வான், அவன் பொய் சொன்னால் சுபேதார் பிடிப்பார், சுபேதாரை கம்பெனி கமாண்டர் பிடிப்பார். அங்கே மேலே இருந்தவர்களே பங்கு வாங்கினார்கள். முந்தைய பிரதமர் மாலிகி காலத்தில் கமாண்டர் பதவிகள் பிரதமர் அலுவலகத்திலிருந்து நேராக நியமனம், திறமையைவிட விசுவாசம் முக்கியம். மொசூலுக்கென்று தேர்ந்தெடுத்த மாகாண சபையும் ஆளுநரும் இருந்தார்கள், ஆனால் ஊரில் நின்ற படையிடம் ஆள் எங்கே என்று கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மொசூல்காரனுக்கு அந்த ராணுவமும் பாக்தாதிலிருந்து வந்த செக்போஸ்ட்தான். நான் செக்போஸ்டில் நின்றவன், எதிரே வருபவன் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

பாலாற்றங்கரை எழுதியது:

அடுத்த கூட்டத்துக்கு ஹவில்தார் அண்ணாவையும் வக்கீல் சாரையும் அழைக்கலாம் என்று வட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். சகோதரிக்கும் அழைப்பு உண்டு, வந்து போக வண்டி ஏற்பாடு செய்கிறோம். பொருள் ஆஸ்திரியா. வாத்தியார் சார், ரென்னரைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா?

ஆற்காட்டு வாத்தியார் எழுதியது:

பேசலாம். ஆனால் ஹாலை எட்டு மணிக்குப் பூட்டக் கூடாது என்று முதலில் வாட்ச்மேனிடம் பேசி வையுங்கள்.